இரண்டும் என் கைவேலை

என் கடையில் பழுது பார்த்துக் கொண்டுபோன ரேடியோ எதுவும் அதே பழுதோடு திரும்பி வந்ததில்லை. முப்பத்தொரு வருஷம் புதுச்சேரியில் கடை வைத்திருந்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கிய சொல்தாக்கள் வீட்டு வால்வு ரேடியோவிலிருந்து பொட்டிக்கடை டிரான்சிஸ்டர் வரைக்கும் எல்லாம் என் கைக்கு வந்து போயிருக்கின்றன. வேலை முடிந்ததும் உள்ளே ஒரு மூலையில் சிவப்பு நெயில் பாலிஷில் கடுகளவு புள்ளி வைப்பேன். நாளைக்கு ஒருத்தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சண்டை போட்டால், என் வேலைதானா என்று தெரிய வேண்டும். ஜனங்களை நம்ப முடியாது. வேறு எவனிடமோ கொடுத்துக் கெடுத்துவிட்டு நம் தலையில் கட்டுவார்கள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், எரிந்துபோன போர்டின் படத்தை நேற்று நீங்கள் காட்டினீர்கள். மூலையில் சிவப்பாக ஒன்று இருந்தது. அது என்னவென்று உங்களோடு வந்தவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. அது என் புள்ளி, ஐயா.

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடமாட்டேன். என் பெயர் சூசை. வயது அறுபத்தெட்டு. படிப்பு நாலாம் வகுப்பு. வீடு மூலக்குளம். விமானம் மலையில் மோதி ஐந்து பேர் செத்ததற்கு சுமலதா என்கிற பெண்ணைப் பதினோரு நாளாகக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவளிடம் இருப்பது பாதிக் கதைதான். மீதி என்னிடம் இருக்கிறது.

கடல் பொங்கிய வருஷத்துக்கு அடுத்த வருஷம் கடையை மூடினேன். ரேடியோவைச் சரிபார்க்க எவனும் வருவதில்லை. அப்போதுதான் வெற்றிவேல் வந்தார். வில்லியனூர் சாலையில் ஷெட் போட்டு, விமானத்துக்கு எலக்ட்ரானிக் போர்டு செய்யும் கம்பெனிக்கு அவர்தான் மேனேஜர். அவர் அப்பாவுடைய ரேடியோவை நான் பழுது பார்த்திருக்கிறேன்.

"ஐயா, நெறைய போர்டு கழிஞ்சி போவுது. பொண்ணுங்க நல்லாத்தான் ஈயம் வெக்கிறாங்க, ஆனா குளிருல நின்னுடுது. இப்பிடியே போனா ஆர்டர வேற ஊருக்குக் குடுத்துடுவாங்க. நாப்பது பேரு வீட்டுக்குப் போவணும். நீங்க ஒரு தடவ வந்து பாருங்களேன்" என்றார்.

போய்ப் பார்த்தேன். பார்த்தவுடனே தெரிந்தது. ஈயம் பளபளவென்று உட்கார்ந்திருக்கும், ஆனால் உள்ளே பிடித்திருக்காது. டிரை சால்டர் என்று நாங்கள் சொல்லுவோம். சூட்டில் ஓடும். குளிர்ந்தால் மயிரிழை விலகும், நின்றுவிடும். மறுபடி சூடு காட்டி ஈயத்தை இளக்கிவிட்டால் பிடித்துக்கொள்ளும். என் கண்ணுக்கு அது ஒரு நிமிஷ வேலை.

ஆனால் அங்கே ஒரு சட்டம். ஒரு இணைப்புக்கு மறுசூடு ஒரே தடவைதான். அதையும் போர்டோடு கூடவே போகும் அட்டையில் எழுத வேண்டும். அப்புறமும் நின்றால் போர்டை உடைத்துப் போட வேண்டும். ஈயத்தை உருக்கி வைக்கிற ஈயக்கோலைத் தொடுகிறவனுக்குச் சான்றிதழ் வேண்டும். என்னிடம் சான்றிதழ் கிடையாது. கணக்கில் என்னை ஹெல்பர் என்று எழுதினார்கள். பின்பக்கத்து அறையில் எனக்கு ஒரு மேசை போட்டார்கள்.

"எப்பிடிப் பண்றீங்கன்னு என்கிட்ட சொல்ல வேணாம்" என்றார் வெற்றிவேல். அதிலேயே அவர் எப்படிப்பட்டவர் என்று நான் தெரிந்துகொண்டேன்.

அந்தப் போர்டு என்ன வேலை செய்கிறது என்று கேட்டேன். விமானியின் முன்னால் ஒரு திரை இருக்குமாம். விமானத்தின் மூக்கு மேலே பார்க்கிறதா கீழே பார்க்கிறதா, இறக்கை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அது காட்டுமாம். மேகத்துக்குள் போய்விட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, நிமிர்ந்திருக்கிறோமா கவிழ்ந்திருக்கிறோமா என்று உடம்புக்கே தெரியாதாம். திரைதான் கண். அந்தத் திரைக்குக் கரண்டு கொடுப்பது எங்கள் போர்டு. இடப்பக்கத்து ஆளுக்கு ஒன்று, வலப்பக்கத்து ஆளுக்கு ஒன்று. ஒன்று அணைந்தால் இன்னொன்று இருக்கும். அதனால்தான் எப்போதும் ஜோடியாக அனுப்புவார்கள். இதைக் கேட்டதும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. ரேடியோவுக்குக்கூட ஜோடி கிடையாது.

சுமலதாவைப் பற்றிச் சொல்கிறேன். தவளக்குப்பத்துக்கு உள்ளே ஒரு கிராமம். அப்பா கலியமூர்த்திக்குக் கொஞ்சம் நிலம். பாலிடெக்னிக் படித்துவிட்டு வந்த பெண். சேம்பர் என்கிற பெரிய குளிர்ப்பெட்டி அவள் பொறுப்பு. போர்டுகளை அதில் வைத்து ஓடவிட்டு, பூஜ்யத்துக்குக் கீழே நாற்பது வரைக்கும் இறக்கி, பிறகு சூட்டுக்கு ஏற்றி, மணிக்கொரு தடவை பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். தேறியதை ஜோடி சேர்த்து, சீட்டு எழுதி, ஏழாம் நம்பர் முத்திரை குத்துவதும் அவள்தான். அந்த முத்திரையை வேறு யாரும் தொடக் கூடாது.

அவள் சேம்பரில் ஒரு போர்டு நின்றால் எழுதிவிடுவாள். எழுதிவிட்டால் நான் ஒரு தடவைக்கு மேல் தொட முடியாது. ஆகவே, அவளிடம் போவதற்கு முன்னாலேயே எது நிற்கும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். நோணாங்குப்பம் படகுத்துறைப் பக்கம் ஐஸ்கிரீம் விற்றுக்கொண்டிருந்த கோவிந்தசாமி வியாபாரத்தை விட்டுவிட்டு, ஐஸ் பெட்டியை வீட்டில் சும்மா போட்டு வைத்திருந்தான். அதைக் கொண்டுவந்து பின்னறையில் வைத்தேன். போர்டுகளை முதலில் அதில் வைப்பேன். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துக் கரண்டு கொடுப்பேன். நின்றால் சூடு காட்டுவேன். மறுபடி பெட்டியில் வைப்பேன். மறுபடி நின்றால் மறுபடி சூடு. ஓடுகிற வரைக்கும். பிறகு பனி ஈரத்தைத் துடைத்து, வெயிலில் காயவைத்து, புள்ளி வைத்து அனுப்புவேன். அட்டையில் ஒன்றும் எழுதமாட்டேன்.

அதற்கப்புறம் சுமலதாவின் சேம்பரில் ஒரு போர்டுகூட நிற்கவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம். வெற்றிவேல் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார். சுமலதா மட்டும் சாப்பிடாமல் காகிதத்தில் மடித்து வைத்துக்கொண்டாள்.

ஒருநாள் சாப்பாட்டு வேளையில் என் அறைக்கு வந்தாள். கையில் ஒரு போர்டு.

"தாத்தா, இத மோந்து பாருங்க."

"என்னாத்துக்கு?"

"ஐஸ்கிரீம் வாசன அடிக்குது. வெண்ணிலா."

"பசியோட வந்திருக்கிற. போயி சாப்புடு."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் பெட்டி இருந்தது. அதில் ஒட்டியிருந்த ஐஸ்கிரீம் படத்தைக்கூட நான் கிழிக்கவில்லை.

"ஆறு மாசமா ஒண்ணுகூட நிக்கல தாத்தா. எல்லாரும் சந்தோஷப்பட்றாங்க. எனக்கு அதான் பயமா இருந்துது. மனுஷன் செய்யிற வேலையில நூத்துக்கு ரெண்டாவது நிக்கணும். ஒண்ணுமே நிக்கலன்னா யாரோ எங்கியோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம்."

"மறைக்கல. சரி பண்றேன்."

"எத்தினி தடவ சூடு காட்டுவீங்க?"

"புடிக்கிற வரைக்கும்."

அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். ஒவ்வொரு சூட்டுக்கும் அடியிலிருக்கும் செம்புத் தகடு பலகையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எழும்பும் என்றாள். இன்றைக்குப் பிடிக்கும், சேம்பரிலும் ஓடும், ஆனால் ஆகாயத்தில் ஆயிரம் தடவை ஏறி இறங்கும்போது ஒருநாள் விட்டுவிடும் என்றாள். அதோடு ஐஸ் பெட்டியின் ஈரம் வேறு உள்ளே இறங்கியிருக்கும் என்றாள். நான் சொன்னேன், என் ரேடியோ எதுவும் திரும்பி வந்ததில்லை.

"ரேடியோ நின்னா எடுத்துகினு வருவாங்க தாத்தா. இது நின்னா யாரு எடுத்துகினு வருவா?"

படித்த பெண். வாய் இருந்தது. நான் கோபப்படவில்லை. இதுவரைக்கும் எத்தனை போர்டு அனுப்பியிருக்கிறேன், ஒன்றாவது திரும்பி வந்ததா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். வேறு என்ன அத்தாட்சி வேண்டும்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் முன்போல் பேசவில்லை. வெற்றிவேலிடம் இரண்டு தடவை போய்ச் சொன்னாள். பார்க்கலாம் என்றாராம். நான் பாட்டுக்கு என் வேலையைச் செய்துகொண்டிருந்தேன். சில மாதம் கழித்து, ஜோடிச் சீட்டுகளின் நகல்கள் கம்பியில் கோத்துத் தொங்குவதை ஒருநாள் சும்மா புரட்டினேன். நான் தொட்ட போர்டுகளின் நம்பர் எல்லாம் எனக்கு மனப்பாடம். அதுவரைக்கும் இருபத்திரண்டு போயிருந்தன. இருபத்திரண்டு ஜோடி. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று என் போர்டு, இன்னொன்று நான் தொடாதது. ஒரு ஜோடியில்கூட இரண்டும் என்னுடையவை இல்லை. முதலில் தற்செயல் என்றுதான் நினைத்தேன். தற்செயல் இருபத்திரண்டு தடவை நடக்காது.

கேட்டேன். மறைக்காமல் சொன்னாள்.

"ஆமா தாத்தா. புள்ளி வெச்சதும் புள்ளி வெச்சதும் சேந்து போவ உடமாட்டேன். மொதல்லருந்தே அந்தச் செவப்ப நான் பாத்துகினுதான் இருந்தேன். என்னான்னு தெரியாதப்பவே பிரிச்சிதான் வெச்சேன்."

"ஏம்மா?"

"ரெண்டும் ஒரே கை. ஒரே மாதிரி பழுது, ஒரே மாதிரி சூடு. ஒரு குளிருல ஒண்ணு நின்னா அதே குளிருல இன்னொண்ணும் நிக்கும். அப்புறம் ரெண்டு இருந்து என்னா பிரயோசனம்? உங்கள நிறுத்த என்னால முடியல. ஒரு விமானத்துக்கு ஒரு நல்ல போர்டாவது போவட்டும்னு பாக்குறேன்."

ஒரு நல்ல போர்டாவது. இந்த வார்த்தையை அவள் சொன்னாள், ஐயா. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

அது ஒரு புதன்கிழமை. திங்கட்கிழமை போர்டு வாங்குகிற கம்பெனிக்கே கடிதம் எழுதப்போவதாகச் சொன்னாள். அதற்குள் எந்தப் போர்டுக்கு எத்தனை தடவை சூடு காட்டினேன் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டால், என் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். "நீங்க செஞ்சது தப்புன்னுகூட நான் எழுதல தாத்தா. செஞ்சத எழுதிடுங்கன்னுதான் சொல்றேன்" என்றாள். எனக்கு எழுத வராது என்று நினைத்தாளோ என்னவோ, பேனாவையும் நோட்டையும் அவளே கொண்டுவந்து வைத்தாள். எழுத வரும். எழுதவில்லை.

அதற்கு நாலு மாதம் முன்னால் அவள் அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்துவிட்டது. செய்தி வந்தபோது சேம்பர் ஓடிக்கொண்டிருந்தது, விட்டுவிட்டுப் போக முடியாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். நான்தான் சொன்னேன், நீ போம்மா, நான் பார்த்துக்கொள்கிறேன், இரண்டு மணி, மூன்று மணி, நாலு மணிக் கையெழுத்தை இப்போதே போட்டுவிட்டுப் போ என்று. அன்றைக்கு மனசாரத்தான் சொன்னேன். சேம்பரையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை வெற்றிவேலிடம் போய், அந்தத் தேதிக்கு வாசல் ரிஜிஸ்தரையும் சேம்பர் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்றேன். ஒன்றரைக்கு வெளியே போனவள் நாலு மணிக்கு எப்படிக் கையெழுத்துப் போட்டாள். வெற்றிவேலுக்கும் ஏதாவது ஒரு காரணம் வேண்டியிருந்தது. சனிக்கிழமை அவளை நிறுத்திவிட்டார்கள். வேலையில் நேர்மை இல்லை என்று காகிதத்தில் எழுதியே கொடுத்தார்கள். அப்படி எழுதினால் வேறு இடத்தில் வேலை கிடைக்காதாம். அது எனக்கு அப்போது தெரியாது. போர்டு வாங்குகிற கம்பெனிக்குக் கடிதம் எழுதினாளா என்றும் தெரியாது. எழுதியிருந்தாலும், திருட்டுக் கையெழுத்துப் போட்டு வெளியே போனவள் பேச்சை எவன் கேட்பான்.

போகும்போது என் அறை வாசலில் நின்றாள். அழவில்லை.

"தாத்தா, அந்த மூணு கையெழுத்து... நீங்கதான போவ சொன்னீங்க."

"ஆமாம்மா" என்றேன். நான் பொய் சொல்கிறவன் இல்லை.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "சரி, உடுங்க. ஜோடிய மட்டும் மாத்திடாதீங்க. அது ஒண்ணுதான் கேக்குறேன்."

திங்கட்கிழமை ஜோடியை மாற்றினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். யோசித்துப் பாருங்கள். ஒரு விமானத்திலும் என் வேலை தனியாக நின்று பேசியதில்லை. எப்போதும் பக்கத்தில் ஒரு நல்ல போர்டு. நாளைக்கு எல்லாம் ஒழுங்காக ஓடினாலும், இவள் அந்த இன்னொரு போர்டைக் காட்டுவாள். இரண்டும் என் கையாக இருந்து விமானம் பறந்தால்தான் வழக்கு தீரும். மேசையில் அப்போது சேம்பரும் தேறி அனுப்பத் தயாராக என் போர்டு ஆறு இருந்தன. சுலபமானதை அனுப்பினால் அதற்குப் பேர் அத்தாட்சி இல்லை. ஆகவே மிகவும் படுத்திய இரண்டை எடுத்தேன். ஒன்று ஐந்து தடவை சூடு கண்டது. இன்னொன்று ஏழு தடவை. அந்த ஏழு தடவைக்காரனைக் கையில் பிடித்து லேசாக முறுக்கினால் இன்னும் ஒரு சிணுங்கல் கேட்கும். நான் முறுக்கவில்லை.

சுமலதாவின் முத்திரையை வெற்றிவேல் உடைத்துப் போட்டிருக்க வேண்டும், அதுதான் சட்டம். மேசை இழுப்பறையில் எறிந்துவிட்டுப் போயிருந்தார். எடுத்தேன். சீட்டில் இரண்டு நம்பரை எழுதி ஏழாம் நம்பர் முத்திரையைக் குத்தினேன். புதுத் தேதி போட்டால் கேள்வி வரும் என்று அவள் கடைசியாக வேலைக்கு வந்த சனிக்கிழமையின் தேதியைப் போட்டேன். அவளை மாட்டிவிட வேண்டும் என்று நினைத்துச் செய்ததில்லை. அது அந்த நேரத்துக்கு வசதியாக இருந்தது, அவ்வளவுதான். அந்தச் சீட்டைத்தான் நீங்கள் பதினோரு நாளாக அவள் முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அவள் இது என் எழுத்தில்லை என்கிறாள், நீங்கள் முத்திரை உன்னுடையதுதானே என்கிறீர்கள். இரண்டு பேரும் சொல்வது சரிதான்.

பதினான்கு மாதம் அந்த விமானம் பறந்தது. இதை யாரும் எழுதமாட்டேன் என்கிறீர்கள். தினம் இரண்டு தடவை, மூன்று தடவை ஏறி இறங்கியிருக்கிறது. அன்றைக்குக் காலையில் மேகத்துக்குள் இரண்டு திரையும் அணைந்துவிட்டன. ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் நாலு விநாடிதான் என்று சொன்னீர்கள். மூன்றாவதாகக் கையகலத்தில் ஒரு முள்ளுக் கருவி இருந்ததாம். விமானி அதைப் பார்த்து நிமிர்த்தப் போவதற்குள் மலை வந்துவிட்டது. அவர் கொஞ்சம் சுதாரித்திருக்கலாம் என்பது என் அபிப்பிராயம். செத்தவர்களில் ஒரு தாயும் மகளும் இருந்ததைப் பேப்பரில் பார்த்தேன். படம் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தில் என் வீட்டுக்காரி அகஸ்டினா மிளகாய் காயவைத்திருந்தாள், அதனால் முழுதாகப் படிக்கவில்லை.

நீங்கள் அந்தச் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அகஸ்டினா கவனித்திருக்கிறாள். "மனசுல ஏதோ வெச்சிகினு முழுங்கற. மாதா கோயிலுக்குப் போயி சாமியாருகிட்ட எல்லாத்தயும் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ணிடுய்யா" என்றாள். சாமியாருக்கு ஈயக்கோலைப் பற்றி என்ன தெரியும். போகவில்லை. சுமலதாவை இந்த ஆபீஸ் வாசலில் பார்த்தேன், நீங்கள் கூப்பிட்ட மூன்றாம் நாள். கலியமூர்த்தி கோலை ஊன்றிக்கொண்டு கூடவே நின்றார். எனக்குப் பாவமாக இருந்தது. வணக்கம் சொன்னேன். அவரும் வணக்கம் சொன்னார், விஷயம் தெரியாத மனுஷன். அப்போதும் நான் உள்ளே வரவில்லை.

நேற்று ஹெல்பர்களையும் விசாரிக்கிறோம் என்று எல்லாரையும் உட்காரவைத்து அந்தப் படத்தைக் காட்டினீர்களே, அப்போது பக்கத்தில் இருந்தவரிடம் ஒன்று சொன்னீர்கள். "பாருங்க, ஏதோ கத்துக்குட்டி கை. வேலை தெரிஞ்சவன் யாரும் இப்பிடித் தொட்டிருக்கமாட்டான்." அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பாடு இறங்கவில்லை. ஐந்து பேரைப் பற்றி நீங்கள் சொன்னதை எல்லாம் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். காலையில் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே இங்கே வந்துவிட்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு போர்டையும் தொட்டது சூசை. ஐந்து தடவையும் ஏழு தடவையும். தெரிந்துதான் ஜோடி சேர்த்தேன். பிரித்து வை என்று கேட்டவளை வெளியே அனுப்பிவிட்டுச் சேர்த்தேன். கற்றுக்குட்டி யாரும் தொடவில்லை.

முன்னால் போன இருபத்திரண்டும், மேசையில் மிச்சமிருந்து பின்னால் போன நாலும் ஆகாயத்தில்தான் இருக்கின்றன. அதற்கப்புறம் வேறு எதையும் நான் தொடவில்லை, ஆர்டரே போய்விட்டது. நம்பர் எல்லாம் சொல்கிறேன், திறந்து பார்த்தால் புள்ளியும் இருக்கும். அந்த நாலையும் இரண்டிரண்டாக ஒன்றோடொன்று ஜோடி சேர்த்தே அனுப்பினேன், அதையும் எழுதுங்கள். உடனே இறக்க வேண்டும் என்று அவசரப்படுகிறீர்கள். எனக்கு அது தேவையாகப் படவில்லை. ஒன்றுகூட இன்னும் திரும்பி வரவில்லையே.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள், ஐயா. அந்த ஏழு தடவைக்காரன் முழுக்க எரியவில்லை, படத்தில் பார்த்தேன். உங்கள் வேலை முடிந்ததும் அதையும் ஒரு ஈயக்கோலையும் பத்து நிமிஷம் என் கையில் கொடுங்கள். இன்னும் ஒரே ஒரு சூடு காட்டினால் பிடித்துக்கொள்ளும்.